உங்கள் தொகுதிக்கு மட்டும் தேர்தல் தள்ளிப்போனால்: புதிய வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

2016 மே 16 அன்று தமிழ்நாட்டில் 232 தொகுதிகள் வாக்களித்தன. அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் வாக்களிக்கவில்லை. பணப் பட்டுவாடா புகார்கள் குவிந்ததால், அந்த இரண்டு தொகுதிகளின் தேர்தலை முதலில் மே 23க்கும் அப்புறம் ஜூன் 13க்கும் தள்ளிவைத்த தேர்தல் ஆணையம், கடைசியில் தேர்தலை முறைப்படி தொடங்கிவைக்கும் அறிவிக்கையையே ரத்து செய்தது. அதற்குள் மற்ற தொகுதிகளின் முடிவு வந்து, புதிய அரசும் பதவியேற்றுவிட்டது. இந்த இரண்டு தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நடந்தது நவம்பர் 19 அன்றுதான். ஆறு மாதம் அவர்களுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து பேச ஆள் இல்லை.

இப்படி ஒரு தொகுதி மட்டும் தனியாக நின்றுவிடும்போது அங்கே முதல்முறை வாக்களிக்கப் போகிறவர்களும், புதிதாகக் குடிவந்தவர்களும்தான் அதிகம் குழம்புகிறார்கள். பழைய தேதியை நம்பி விடுப்பு எடுத்திருப்பார்கள். பெயர் சேர்க்க இன்னும் அவகாசம் இருக்கிறதா என்று தெரியாது. முன்பு நின்ற வேட்பாளர்கள்தான் மறுபடியும் நிற்கிறார்களா என்றும் தெரியாது. இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு. ஆனால் தேர்தல் எதனால் தள்ளிப்போனது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில்: எந்த வகைத் தாமதம் என்று பாருங்கள்

செய்திகளில் எல்லாவற்றையும் "தேர்தல் ஒத்திவைப்பு" என்றே போட்டுவிடுகிறார்கள். சட்டப்படி மூன்று வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன.

முதலாவது, வேட்பாளர் இறந்துபோவது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 52ஆம் பிரிவின்படி வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும். அந்தக் கட்சி மாற்று வேட்பாளரை நிறுத்த ஏழு நாள் அவகாசம் தருவார்கள். ஏற்கெனவே களத்தில் இருக்கும் மற்ற வேட்பாளர்கள் புதிதாக மனு போட வேண்டியதில்லை. தேர்தல் நின்ற இடத்திலிருந்து தொடரும். சுயேச்சை வேட்பாளர் இறந்தால் இந்த ஒத்திவைப்பு கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் ராஜஸ்தானின் கரண்பூர். 2023 நவம்பர் 25 அன்று அந்த மாநிலத்தின் 199 தொகுதிகள் வாக்களித்தன. கரண்பூரில் காங்கிரஸ் வேட்பாளர் குர்மீத் சிங் கூனர் அதற்குச் சில நாள் முன்பு இறந்துவிட்டதால், அங்கே 2024 ஜனவரி 5 அன்றுதான் வாக்குப்பதிவு. ஒடிசாவின் பிப்பிலி இன்னும் அலைக்கழிந்தது. அங்கே சட்டமன்ற உறுப்பினர் இறந்து, 2021 ஏப்ரல் 17க்கு இடைத்தேர்தல் வைத்தார்கள். மூன்று நாள் முன்னதாகக் காங்கிரஸ் வேட்பாளர் இறந்தார். மே மாதத்துக்குத் தள்ளினார்கள். கொரோனா இரண்டாம் அலை குறுக்கே வந்தது. கடைசியில் செப்டம்பர் 30 அன்றுதான் மக்கள் வாக்களித்தார்கள்.

இரண்டாவது, தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்வது. அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் நடந்தது இது. 2017இல் ஆர்.கே. நகரில் நடந்ததும் இதுவே. ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு ஏப்ரல் 12க்கு வைத்த இடைத்தேர்தலை, வருமான வரிச் சோதனைகளையும் பணப் பட்டுவாடா ஆவணங்களையும் காரணம் காட்டி, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரத்து செய்தார்கள். பணம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. திருவாரூருக்கு 2019 ஜனவரி 28 என்று தேதி குறித்து, கஜா புயல் நிவாரணப் பணிகள் முடியாததால் அதைத் திரும்பப் பெற்றார்கள். பிறகு ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தலோடு சேர்த்து நடத்தினார்கள். ரத்து என்றால் எல்லாம் முதலிலிருந்து. மனுத்தாக்கல், பரிசீலனை, சின்னம் ஒதுக்குவது என எதுவும் பழையது நிற்காது.

மூன்றாவது, தொகுதி காலியாகக் கிடக்கும், ஆனால் தேர்தல் அறிவிப்பே வராது. வெளியில் தெரியாமல் நீண்டுகொண்டே போவது இந்த வகைதான்.

உங்கள் தொகுதி எந்த வகையில் சேரும் என்பதை அறிய, மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வரும் ஆணையத்தின் செய்திக்குறிப்பைப் படியுங்கள். ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் தேதிகளை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். 1950 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் சொல்வார்கள்.

அடுத்தது: தேதி எப்போது வரும்?

காலியான தொகுதிக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று அதே சட்டத்தின் 151ஏ பிரிவு சொல்கிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அதற்கும் முன்பே முடிந்துவிடும். விக்கிரவாண்டி உறுப்பினர் 2024 ஏப்ரலில் இறந்தார், ஜூலை 10 அன்று இடைத்தேர்தல். ஈரோடு கிழக்கு 2024 டிசம்பரில் காலியானது, 2025 பிப்ரவரி 5 அன்று வாக்குப்பதிவு.

ஆனால் அந்த ஆறு மாதக் கெடுவுக்கு இரண்டு விலக்குகள் இருக்கின்றன. சட்டமன்றத்தின் மீதிக் காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் இடைத்தேர்தல் வேண்டியதில்லை. ஒன்றிய அரசைக் கலந்து, இப்போது நடத்துவது கடினம் என்று ஆணையம் சான்றளித்தாலும் கெடு பொருந்தாது. 2020இல் இந்த இரண்டையுமே நாம் பார்த்தோம். திருவொற்றியூரும் குடியாத்தமும் அந்த ஆண்டு பிப்ரவரி கடைசியில் காலியானபோது ஓராண்டுக்கு மேல் காலம் பாக்கி இருந்தது. ஆனாலும் கொரோனாவால் நடத்தவில்லை. சேப்பாக்கம் ஜூனில் காலியானது. ஓராண்டுகூடப் பாக்கி இல்லை. மூன்று தொகுதிகளும் 2021 ஏப்ரல் பொதுத்தேர்தல் வரை அப்படியே இருந்தன.

இதில் நீதிமன்றமும் ஒரு பெரிய காரணம். திருப்பரங்குன்றம் மக்கள் பட்டதைப் பாருங்கள். 2016 மேயில் வென்றவர் பதவியேற்கும் முன்பே இறந்துபோனார். நவம்பரில், அரவக்குறிச்சி, தஞ்சாவூரோடு சேர்ந்து இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்ற ஏ.கே. போஸ் 2018 ஆகஸ்டில் இறந்தார். அவருடைய வெற்றியை எதிர்த்துத் தோற்ற வேட்பாளர் போட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் அடுத்த இடைத்தேர்தல் நகரவில்லை. வழக்கில் தீர்ப்பு வந்தது 2019 மார்ச்சில். வாக்குப்பதிவு மே 19. மூன்று ஆண்டுகளில் ஒரே தொகுதி மூன்று முறை வாக்களித்தது. நடுநடுவே உறுப்பினரே இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தது.

தகுதிநீக்கம் செய்யப்பட்ட அதிமுக சட்டமன்ற உறுப்பினர்கள் 18 பேரின் தொகுதிகள் கதையும் இப்படித்தான். 2017 செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். பிறகு மூன்றாவது நீதிபதி விசாரித்தார். 16 தொகுதிகளில் இடைத்தேர்தல் 2019 ஏப்ரல் 18, அரவக்குறிச்சியிலும் ஓட்டப்பிடாரத்திலும் மே 19. ஒன்றரை ஆண்டுக்கு மேல் 18 தொகுதிகளின் மக்களுக்குப் பிரதிநிதி இல்லை. வழக்காடுவது யாருடைய உரிமையும்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேர்தல் வழக்குகள் இவ்வளவு மெதுவாக நடப்பதுதான் அநியாயம். வழக்கில் சம்பந்தமே இல்லாத வாக்காளர்தான் அதன் விலையைக் கொடுக்கிறார்.

ஆக, உங்கள் தொகுதி காலியாகக் கிடந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். சட்டமன்றக் காலம் இன்னும் எவ்வளவு பாக்கி? தேர்தல் வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? தேதி எப்போது வரும் என்பது இந்த இரண்டிலிருந்தே பெரும்பாலும் புரிந்துவிடும்.

வாக்காளர் பட்டியலில் பெயரைப் பாருங்கள்

தாமதத்தால் வாக்காளருக்கு ஒரே ஒரு நன்மை உண்டு: பட்டியலில் பெயர் சேர்க்க இன்னொரு வாய்ப்பு. இதிலும் எந்த வகைத் தாமதம் என்பது முக்கியம்.

மனுத்தாக்கலின் கடைசி நாள் கடந்துவிட்டால், அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் புதுப்பெயர் ஏறாது. வேட்பாளர் மரணத்தால் தள்ளிப்போன தேர்தலில் அந்த நாள் ஏற்கெனவே கடந்திருக்கும். அதனால் பெரும்பாலும் பழைய பட்டியலை எதிர்பார்த்தே இருங்கள், உறுதிப்படுத்த உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கேளுங்கள். அறிவிக்கை ரத்தாகியிருந்தாலோ, அறிவிப்பே இன்னும் வராமல் இருந்தாலோ கதவு திறந்திருக்கிறது. புது அறிவிக்கையில் வரும் மனுத்தாக்கல் கடைசி நாள்வரை பெயர் சேர்க்க முடியும். ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க நாள் பிடிக்கும். கடைசி வாரம் வரை காத்திருந்தவர்கள் பலர் ஏமாந்திருக்கிறார்கள். தேதி அறிவிப்புக்குக் காத்திருக்காமல் இன்றே போடுங்கள்.

புதிதாகச் சேர படிவம் 6. வேறு தொகுதியிலிருந்து குடிவந்தவர்கள், முகவரியோ பெயரோ திருத்த வேண்டியவர்கள் படிவம் 8. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற ஒரே தகுதி நாள்தான் இருந்தது. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு நாட்கள். பழைய தேதியில் வயது எட்டாத உங்கள் வீட்டுப் பிள்ளை, புதுத் தேதிக்குள் வாக்காளராகிவிடலாம்.

சரி, பெயர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் வந்துவிடும். ஆனால் ஒருமுறையாவது உங்கள் பாகத்தின், அதாவது உங்கள் வாக்குச்சாவடிக்கான பகுதியின், முழுப் பட்டியலையும் இறக்கிப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: வரிசை எண், அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். சில கட்டங்களின் குறுக்கே சாய்வாக நீக்க முத்திரை விழுந்திருக்கும். பின்பக்கங்களில் துணைப்பட்டியல் வரும். புதிதாகச் சேர்ந்தவர்களும் நீக்கப்பட்டவர்களும் அங்கே இருப்பார்கள். நீக்கப்பட்டவர் இறந்தவரா, இடம் மாறியவரா, இரண்டு முறை பதிவானவரா என்பதைக் காட்டும் குறியெழுத்தும் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் கட்டத்தில் முத்திரை விழுந்திருந்தால், முதலில் கண்ணில் படுவது உங்களுக்குத்தான். உடனே சொல்லி, மறுபடி படிவம் 6 போடவையுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவே பட்டியலைச் சுத்தம் செய்வது வழக்கம். அதில் போலிப் பெயர்களோடு உண்மையான பெயர்களும் போய்விடும் ஆபத்து இருக்கிறது. அட்டை கையில் இருக்கிறது என்பதால் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

வேட்பாளர்களை மறுபடி முதலிலிருந்து படியுங்கள்

ஆர்.கே. நகரில் ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவே களம் எப்படி மாறியது என்று பாருங்கள். ஏப்ரலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. டி.டி.வி. தினகரன் தொப்பி சின்னத்தில் நின்றார். ஓ. பன்னீர்செல்வம் அணியின் மதுசூதனனுக்கு இரட்டை மின்கம்பம். டிசம்பர் 21 அன்று அதே மதுசூதனன் இரட்டை இலையில் நின்றார், தினகரன் சுயேச்சையாகக் குக்கரில் நின்றார். சின்னத்தைச் சொல்லியே வாக்குக் கேட்கும் ஊர் இது. எட்டு மாதத்துக்கு முன் மனதில் பதிந்த சின்னத்தை நம்பிப் போனவருக்கு வாக்கு வேறெங்கோ விழுந்திருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள். தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

ஏப்ரலில் அங்கே 62 வேட்பாளர்கள் இருந்தார்கள், டிசம்பரில் 59. ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பொத்தான்கள்தான். நோட்டாவையும் சேர்த்தால் நான்கு கருவிகளை வரிசையாக வைக்க வேண்டும். திரைக்குப் பின்னால் போய் நின்றதும் நான்கு கருவிகளைப் பார்த்தால் யாருக்கும் திகைப்பாகத்தான் இருக்கும். இதில் ஓர் ஒழுங்கு உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில் வருவார்கள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், அதன் பிறகு சுயேச்சைகள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயர் அகரவரிசையில் இருக்கும். நோட்டா எல்லோருக்கும் கடைசியில். பெயர், படம், சின்னம் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள வேட்பாளர்கள் நிற்பது நம் ஊரில் புதிதல்ல.

வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை, அதாவது படிவம் 26ஐ, ஆணையத்தின் இணையதளத்தில் படிக்கலாம். சொத்து, கடன், வழக்குகள், கல்வி எல்லாம் அதில் இருக்கும். ரத்தான தேர்தல் என்றால் அதே வேட்பாளரின் பழைய பத்திரம், புதிய பத்திரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில மாத இடைவெளியில் என்ன மாறியிருக்கிறது என்று ஒப்பிடும் வாய்ப்பு பொதுத்தேர்தலில் கிடைக்காது.

நீங்களே நிற்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. சுயேச்சைக்கு அதே தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். ஆர்.கே. நகரில் டிசம்பர் தேர்தலுக்கு மனு போட்ட நடிகர் விஷாலுக்கு, முன்மொழிந்தவர்களில் இருவர் கையெழுத்து தங்களுடையது அல்ல என்று சொன்னதால் மனு தள்ளுபடியானது. வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000.

பணம் வரும். வாங்காதீர்கள்

ஒரே ஒரு தொகுதிக்குத் தேர்தல் என்றால் மாநிலத்தின் எல்லாக் கட்சிகளும் அங்கேதான் முகாம் போடும். தெருவுக்கு ஒரு அமைச்சர், வார்டுக்கு ஒரு மாவட்டச் செயலாளர். பொதுத்தேர்தலில் 234 இடங்களுக்குப் பிரியும் பணமும் ஆட்பலமும் ஒரே இடத்தில் குவியும். அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் ஆர்.கே. நகரும் காத்திருக்க நேர்ந்தது பணப் பட்டுவாடாவால்தான். வாக்குக்குப் பணம் வாங்குவதால் யாருக்கு நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இந்தத் தொகுதிகளைக் காட்டலாம். கொடுத்தவர்கள் தண்டனை பெற்றார்களோ இல்லையோ, மாதக்கணக்கில் உறுப்பினர் இல்லாமல் இருந்தது அங்கே வாழ்ந்தவர்கள்.

கொடுப்பது, வாங்குவது இரண்டுமே குற்றம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. பணம், டோக்கன், கூப்பன் என்று எதைப் பார்த்தாலும் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்புங்கள். உங்கள் பெயரைத் தராமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அந்தச் செயலியின் இலக்கு. படம் எடுப்பதால் உங்களுக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால், 1950க்கு அழைத்து இடத்தையும் நேரத்தையும் சொன்னாலே போதும்.

வியாபாரிகள் கவனிக்க: நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை கணக்குக் கேட்கும். வங்கிச் சீட்டோ ரசீதோ கையில் இருக்கட்டும். தொகுதி மாநகராட்சிக்குள் இருந்தால் விதிகள் அந்தத் தொகுதிக்கு மட்டும் பொருந்தும், இல்லையென்றால் மாவட்டம் முழுவதற்கும். பக்கத்துத் தொகுதிதானே என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

"ஆளுங்கட்சிக்குப் போட்டால்தான் வேலை நடக்கும்"

தள்ளிப்போன தேர்தலில் இந்தப் பேச்சைக் கட்டாயம் கேட்பீர்கள். ஆட்சி யாருடையது என்பது முடிவாகிவிட்ட பிறகு வாக்களிப்பதால் இதற்கு ஒரு கவர்ச்சியும் இருக்கிறது. கரண்பூரில் இது உச்சத்துக்கே போனது. மற்ற தொகுதிகளில் வென்று ஆட்சியமைத்த பாஜக, கரண்பூர் வேட்பாளர் சுரேந்திர பால் சிங்கை வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பே அமைச்சராக்கியது. உறுப்பினராக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்பதால் அதற்கு வழி இருந்தது. அந்தத் தொகுதி மக்கள், இறந்துபோன காங்கிரஸ் வேட்பாளரின் மகன் ரூபிந்தர் சிங் கூனரைப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தார்கள். எந்தக் கட்சிக்கும் போடுங்கள், அது உங்கள் விருப்பம். சாலையும் குடிநீரும் எந்தக் கட்சிக்குப் போட்டாலும் உங்களுக்கு உரியவை.

வாக்களிக்கும் நாள்

உங்கள் தொகுதியில் மட்டும் தேர்தல் என்பதால், நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் அன்று சாதாரண நாளாக இருக்கும். "எங்களுக்கு விடுமுறை இல்லையே" என்று நிறுவனம் சொல்லலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி அந்தத் தொகுதியின் வாக்காளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. வேலை செய்யும் இடம் தொகுதிக்கு வெளியே இருந்தாலும், தினக்கூலியாக இருந்தாலும் உண்டு. ஒரு வாரம் முன்பே அட்டை நகலோடு எழுத்தில் கேளுங்கள்.

பூத் சிலிப்பில் பாக எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும், ஆனால் அது மட்டும் அடையாளச் சான்று ஆகாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, படத்தோடு கூடிய வங்கிப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்று போதும். 85 வயது தாண்டியவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதி உண்டு. அதற்கான படிவம் 12டியை அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் சீட்டு ஏழு விநாடி தெரியும், பார்த்துவிட்டு வாருங்கள். நேரம் முடியும்போது வரிசையில் நின்றிருந்தால் டோக்கன் கொடுத்து வாக்களிக்க விடுவார்கள், திரும்பிப் போக வேண்டாம்.

உறுப்பினர் வரும்வரை, வந்த பிறகு

தொகுதி காலியாக இருக்கிறது என்பதற்காக உங்கள் மனுக்களும் காத்திருக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். முதல்வரின் முகவரி உதவி எண் 1100. மக்களவை உறுப்பினர் இருக்கிறார், பதவியில் இருந்தால் உள்ளாட்சி உறுப்பினரும். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பொதுத்தேர்தலிலிருந்து தள்ளிப்போன தொகுதியில் வென்றவர், அந்தச் சட்டமன்றம் இருக்கும்வரை உறுப்பினராக இருப்பார். இடைத்தேர்தலில் வந்தவருக்கும் மீதிக் காலம்தான், புதிதாக ஐந்தாண்டு கிடையாது. ஆர்.கே. நகரில் 2017 கடைசியில் வந்தவருக்கு 2021 மே வரைதான் காலம். ஆகவே வென்றவர் அலுவலகம் திறந்த முதல் வாரத்திலேயே, சேர்த்துவைத்த ஒப்புகைச் சீட்டுகளின் நகலோடு போய்ப் பாருங்கள்.